பாலைவனப் பள்ளத்தாக்குகளில் பாறை வளைவுகள்: முதல்முறை நடப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. அதற்கு வடக்கே சுமார் எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட பாறை வளைவுகள் பதிவாகியிருக்கின்றன. உலகில் வேறெங்கும் இவை இவ்வளவு நெருக்கமாக இல்லை. காரை நிறுத்திப் பத்து நிமிடம் நடந்தால் எட்டிவிடும் வளைவுகளும் உண்டு. பள்ளத்தாக்குக்குள் ஓடையைத் தொடர்ந்து அரைநாள் நடந்தால்தான் கண்ணில் படும் வளைவுகளும் உண்டு. இந்தக் கட்டுரை இரண்டாவது வகையை மனதில் வைத்து எழுதியது. பாலைவனத்தில் இதுவரை நடந்ததே இல்லை, ஆனால் ஒரு நாளில் ஏழெட்டு கிலோமீட்டர் நடக்க முடியும் என்றால் இது உங்களுக்குத்தான்.

இங்கே வருகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்க்கத்தான் வருகிறார்கள். ஆனால் நடை நல்லபடியாக முடிவது, காலை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. வழவழப்பான பாறையா, மணலா, காய்ந்த ஓடையா, உயிருள்ள மண்ணா என்று பார்த்து அடியெடுத்து வைக்கப் பழகிக்கொண்டால், மற்றதெல்லாம் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும்.

வளைவு எப்படி உண்டாகிறது

இதைத் தெரிந்துகொண்டு போனால் எங்கே எதைத் தேடுவது என்று புரியும். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பகுதியில் கடல் வந்து வந்து வற்றியதில் மிகத் தடிமனான உப்புப் படுகை ஒன்று தங்கிவிட்டது. அதன்மேல் மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிப் பாறையாயின. மேலே பாரம் ஏற ஏற, அடியில் இருந்த உப்பு பிதுங்கி நகர்ந்தது. சில இடங்களில் மேடாக எழும்பியது. அதனால் மேலே இருந்த மணற்பாறையில் வரிசை வரிசையாக, ஒன்றுக்கொன்று இணையாக விரிசல்கள் விழுந்தன. விரிசல்களை மழைநீர் அகலமாக்க, நடுவே மெல்லிய சுவர்கள் மிஞ்சின. மணல் துகள்களை ஒட்டிவைத்திருக்கும் சுண்ணாம்பை மழைநீரில் உள்ள லேசான அமிலம் கரைக்கிறது. குளிர்காலத்தில் விரிசலுக்குள் தண்ணீர் உறைந்து விரிந்து பாறையைப் பெயர்க்கிறது. சுவரின் அடிப்பகுதி முதலில் இளகி உதிர, ஓட்டை விழுந்து, ஓட்டை பெரிதாகி வளைவாகிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே அந்த வேலையைச் செய்தது மழைத்துளி.

இந்தப் பூங்காவில் ஒரு ஓட்டை கணக்கில் சேர வேண்டுமானால் ஏதாவது ஒரு திசையிலாவது மூன்று அடி இருக்க வேண்டும். ஆகவே அந்த 2,000த்தில் பெரும்பாலானவை நீங்கள் கவனிக்காமலே கடந்துபோகும் சிறு துவாரங்கள்தான்.

இயற்கைப் பாலம் என்று சொல்வது வேறு. ஓடும் ஆறோ ஓடையோ பாறையைக் குடைந்து குறுக்கே வழி செய்துகொண்டால் அது பாலம். நடப்பவருக்கு இதில் ஒரு பயன் இருக்கிறது. வளைவுகளைச் சுவர் போன்ற பாறைகளிலும் மேட்டு ஓரங்களிலும் தேட வேண்டும். பாலங்கள் பள்ளத்தாக்கின் அடியில், தண்ணீர் போகும் வழியில்தான் இருக்கும்.

எந்தத் தடத்தில் தொடங்கலாம்

படங்களில் அதிகம் வரும் டெலிகேட் ஆர்ச்சுக்கு (ஆர்ச் என்றால் வளைவு) முதல் நாளே ஓட வேண்டாம். கால்களுக்கு இந்த நிலம் பழக ஒரு நாளாவது கொடுங்கள்.

முதல் நாள் ஆர்ச்சஸ் பூங்காவின் வின்டோஸ் பகுதியில் ஆரம்பியுங்கள். பெரும்பாலும் சமதளம், குறுகிய சுற்று, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வளைவுகள். அதே நாளில் டெவில்ஸ் கார்டன் தடத்தில் லேன்ட்ஸ்கேப் ஆர்ச் வரை போய்வரலாம், மொத்தம் மூன்று கிலோமீட்டர்தான். ஏறத்தாழ 90 மீட்டர் நீளத்துக்கு நீண்டு கிடக்கும் அந்த வளைவு, இவ்வளவு மெலிந்த கல் எப்படி இன்னும் நிற்கிறது என்று யோசிக்க வைக்கும். அங்கேயே திரும்பிவிடுங்கள். அதற்கு மேல் தடம் குறுகிய பாறைச் சுவர்களின் முதுகில் ஏறிப் போகிறது. இரண்டு பக்கமும் பள்ளம்.

இரண்டாம் நாள்தான் உண்மையான பள்ளத்தாக்கு நடை. என் பரிந்துரை கிரான்ட்ஸ்டாஃப் கேன்யன். இது பூங்காவுக்கு வெளியே, கொலராடோ ஆற்றை ஒட்டிப் போகும் 128ஆம் நெடுஞ்சாலையில் தொடங்குகிறது. போய்வர ஏழிலிருந்து எட்டு கிலோமீட்டர். ஆண்டு முழுவதும் ஓடும் ஒரு சிற்றோடை கூடவே வரும். அதைப் பல முறை குறுக்கே கடக்க வேண்டும். இரு பக்கமும் சிவந்த சுவர்கள், அடியில் பச்சை மரங்கள். வலப்பக்கம் பிரியும் கிளைப் பள்ளத்தாக்கின் கடைசியில் மார்னிங் குளோரி என்ற மாபெரும் வளைவு, சுமார் 74 மீட்டர் அகலத்தில், பின்னால் இருக்கும் பாறைச் சுவரிலிருந்து கொஞ்சமே விலகி நிற்கிறது. தொலைவிலிருந்து பார்த்தால் அங்கே வளைவு இருப்பதே தெரியாது. அடியில் போய் நின்று மேலே பார்த்தால்தான் நடுவில் வானம் தெரியும். புதிதாக நடப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான தடம் இந்த வட்டாரத்தில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். நிழல் உண்டு, ஏற்றம் அதிகமில்லை, வழி தவறுவதும் கடினம்.

ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த வளைவின் அடியில் பாய்சன் ஐவி என்ற செடி மண்டிக் கிடக்கும். ஒரே காம்பில் மூன்று மூன்றாக இலை இருக்கும். தோலில் பட்டால் கொப்புளமும் அரிப்பும் நாள்கணக்கில் படுத்தும். முழுக்கால் சட்டை போடுங்கள், தடத்தை விட்டு விலகாதீர்கள், பட்டதாகத் தோன்றினால் சீக்கிரமே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

டெலிகேட் ஆர்ச்சை அதற்கு அப்புறம் ஒரு மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். போய்வர சுமார் ஐந்து கிலோமீட்டர், ஏற்றம் 150 மீட்டர் அளவுக்கு. தூரம் குறைவு என்று அலட்சியமாகப் போகிறவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். பாதிக்கு மேல் திறந்த பாறை, நிழலே கிடையாது. கடைசித் திருப்பத்துக்கு முன் ஒரு பாறை விளிம்பு வழியாகப் போக வேண்டும். அதைக் கடந்ததும் பெரிய பாறைக் கிண்ணம் ஒன்றின் ஓரத்தில் வளைவு தனியாக நிற்கிறது, 16 மீட்டர் உயரத்தில்.

எப்போது போவது

ஏப்ரல், மே, அப்புறம் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடிய. இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பகல் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பாறை வேறு வாங்கிய வெப்பத்தைத் திருப்பி உங்கள் மேலேயே வீசும். குளிர்காலம் அழகுதான், கூட்டமும் இருக்காது. ஆனால் நிழல் விழும் பாறைச் சரிவுகளில் பனி உறைந்து கண்ணாடிபோல் வழுக்கும். காலணியில் மாட்டும் முள்பட்டைகள் இல்லாமல் ஏறக்கூடாது.

வசந்தகாலத்தில் போனாலும் ஒரே நாளில் 20 டிகிரிக்கு மேல் வெப்பநிலை மாறக்கூடும். காலையில் கம்பளி, மதியம் மெல்லிய சட்டை என்று அடுக்கடுக்காக உடுத்திக்கொள்வது நல்லது.

கூட்டம் அதிகமுள்ள மாதங்களில் பூங்காவில் பார்க்கிங் நிரம்பிவிட்டால் வாசலையே சிறிது நேரம் மூடிவிடுகிறார்கள். 2022 முதல் சில ஆண்டுகள் உள்ளே நுழையும் நேரத்தை முன்பதிவு செய்யும் முறையும் இருந்தது. இந்த விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. தேதியை முடிவு செய்த அன்றே பூங்காவின் அதிகாரப்பூர்வ இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். முன்பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடியும்போது வாசலில் இருப்பதுதான் நல்லது.

தண்ணீரும் வெயிலும்

அளவுகளைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. பலகைகளில் தூரம் மைலில் இருக்கும், வானிலை அறிவிப்பு ஃபாரன்ஹீட்டில் வரும். ஒரு மைல் 1.6 கிலோமீட்டர், 100 ஃபாரன்ஹீட் என்றால் ஏறத்தாழ 38 டிகிரி. ஒரு கேலன் என்பது நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த ஒரு கேலன்தான் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய தண்ணீர். அரைநாள் நடைக்கும் இரண்டு லிட்டருக்குக் குறைந்து எடுத்துப் போகாதீர்கள். வெயில் ஏறிய நாளில் மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர் வரை போகும்.

பாலைவனத்தின் ஏமாற்று வேலை ஒன்று உண்டு. காற்று மிகவும் வறண்டிருப்பதால் வியர்வை தோலில் நிற்காமல் அப்படியே காய்ந்துவிடும். வியர்க்கவில்லையே, தாகமும் இல்லையே என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், உடம்போ வற்றிக்கொண்டிருக்கும். அதனால் தாகத்துக்குக் காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே போங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகிவிட்டாலோ, பல மணி நேரம் வரவே இல்லையென்றாலோ நின்று நிழலில் உட்காருங்கள்.

வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்க, உள்ளே தண்ணீர் மட்டும் சேர்ந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். உப்புள்ள தின்பண்டமோ எலக்ட்ரோலைட் பொடியோ கூடவே இருக்கட்டும்.

கூட வருகிறவர் பேச்சில் தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம் தெரிந்தால் அதைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். வெப்பத் தாக்கம் உயிரை எடுக்கும். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், துணிகளை நனைத்து விசிறி, உதவிக்கு அழையுங்கள்.

திரும்பும் நேரத்தைத் தண்ணீர் தீர்மானிக்கட்டும். கொண்டுவந்ததில் பாதி தீர்ந்துவிட்டால், வளைவு அடுத்த திருப்பத்திலேயே இருப்பதாகச் சொன்னாலும் திரும்பிவிடுங்கள். நடுவழியில் நிரப்பிக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம். ஆர்ச்சஸ் பூங்காவின் நடைத்தடங்களில் தண்ணீர் கிடையாது. வாசலில் இருக்கும் விசிட்டர் சென்டரிலேயே பாட்டில்களை நிரப்பிக்கொள்ளுங்கள். ஓடை ஓடும் பள்ளத்தாக்கிலும் அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் குடிக்கக்கூடாது. வண்டல் அதிகமுள்ள தண்ணீர் வடிகட்டியை அடைத்துவிடும், ஆகவே ஒரு பாத்திரத்தில் தெளியவிட்டு அப்புறம் வடிகட்ட வேண்டும்.

பையில் தண்ணீர், உணவு போக: அகல விளிம்புத் தொப்பி, சன்ஸ்கிரீன், முழுக்கை மெல்லிய சட்டை, தலைவிளக்கு, சிறு முதலுதவிப் பை, ஒரு ஜோடி கூடுதல் காலுறை, காகித வரைபடம். பகல் நடைதானே என்று தலைவிளக்கை விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அந்தி மயங்கிய பிறகு பாறையில் தடவிக்கொண்டு இறங்குகிறார்கள். போன் வெளிச்சத்தை நம்பாதீர்கள்; இறங்கும்போது உங்களுக்கு இரண்டு கையும் வேண்டும்.

வானத்தைப் பாருங்கள், வெள்ளம் எங்கிருந்தோ வரும்

இந்தப் பகுதியை இரண்டு தடவை படிக்கச் சொல்வேன். 1997 ஆகஸ்ட் 12 அன்று, பக்கத்து மாநிலமான அரிசோனாவில், குறுகலான ஆன்டிலோப் கேன்யனுக்குள் இருந்த 11 பேர் திடீர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழை என்று சொல்லும்படி எதுவும் பெய்யவில்லை. மழை பெய்தது பல கிலோமீட்டர் தள்ளி, மேட்டு நிலத்தில். பாறையும் இறுகிய மண்ணும் தண்ணீரை உறிஞ்சாது. பெய்ததெல்லாம் அப்படியே வழிந்து ஓடைகளில் சேர்ந்து, பள்ளத்தாக்கின் இடுக்கில் புகும்போது சுவராக எழும்பிவிடும். மரத்தடிகளும் பாறைகளும் அதோடு சேர்ந்து வரும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழைக் காலம். அந்த மாதங்களில் போகத்தான் வேண்டுமென்றால் காலையிலேயே போய் மதியத்துக்குள் வெளியே வந்துவிடுங்கள். எந்த மாதமானாலும் கிளம்புமுன் தேசிய வானிலை சேவையின் அறிவிப்பைப் பாருங்கள். ஊரின் வானிலை மட்டும் போதாது. உங்கள் ஓடைக்குத் தண்ணீர் வரும் மேட்டுப் பகுதி முழுவதற்கும் பார்க்க வேண்டும். விசிட்டர் சென்டரில் பூங்காக் காவலரான ரேஞ்சரிடம் "இன்றைக்கு இந்தத் தடம் எப்படி?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர்கள் சொல்வது எந்த ஆப்பையும்விட மேல்.

உள்ளே இருக்கும்போது அறிகுறிகள் இவை: தெளிந்திருந்த ஓடை திடீரென்று கலங்குவது, நீர்மட்டம் ஏறுவது, குச்சியும் சருகும் மிதந்து வருவது, தொலைவில் ரயில் வருவதுபோல் இரைச்சல் கேட்பது. இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் உடனே மேலே ஏறுங்கள். பள்ளத்தாக்கின் வழியே ஓடித் தப்பிக்க முயலாதீர்கள், தண்ணீர் உங்களைவிட வேகம். பையைக் கீழே விட்டாலும் பரவாயில்லை. மேலே ஏறிய பிறகு, தண்ணீர் வடியும்வரை, மணிக்கணக்கானாலும் அங்கேயே இருங்கள். ஓடைப் படுகையில் உட்கார்ந்து சாப்பிடுவது, தூங்குவது எதுவும் வேண்டாம். சாலையில் தண்ணீர் குறுக்கே ஓடினால் காரையும் அதில் இறக்கக்கூடாது.

சுவர்கள் நெருங்கி, ஏறித் தப்பிக்க இடமே இல்லாத இடுக்குப் பள்ளத்தாக்குகளுக்கு முதல் பயணத்தில் போகவே வேண்டாம்.

பாறையில் நடப்பது

இந்தப் பகுதியின் வழவழப்பான மணற்பாறை, உலர்ந்திருக்கும்போது காலணியை நன்றாகப் பிடிக்கும். முதலில் பயமாக இருக்கும். சரிவைப் பார்த்தாலே கால் பின்வாங்கும். பயத்தில் பின்பக்கம் சாய்வதுதான் வழுக்கக் காரணம். உடல் எடை நேராகப் பாதத்தின் மேல் விழ வேண்டும். முழு உள்ளங்காலையும் பதித்து, சின்னச் சின்ன அடியாக, முழங்காலைச் சற்று மடக்கி நடங்கள். இறங்கும்போதும் இதேதான். மிகச் செங்குத்தாக இருந்தால் குறுக்கும் நெடுக்குமாக இறங்கலாம், இல்லையென்றால் உட்கார்ந்து நகரலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பாறையின்மேல் மெல்லிய மணல் தூவியிருந்தால் எச்சரிக்கை. மழை பெய்து ஈரமாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை. ஈரம் ஏறிய மணற்பாறை வழுக்குவதோடு வலுவையும் இழக்கிறது. கையால் பிடித்த விளிம்பு அப்படியே உடைந்து வரும். நல்ல மழைக்குப் பிறகு பாறை காயும்வரை ஏற்றங்களைத் தள்ளிப்போடுங்கள்.

ஏறுவது எளிது, இறங்குவதுதான் சிக்கல். இங்கே மீட்புக் குழுவை அழைக்க நேர்கிறவர்களில் பலர் ஏறிய இடத்திலிருந்து இறங்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள். எந்தப் படியில் ஏறுமுன்னும் அதே இடத்தில் இறங்க முடியுமா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஏறாதீர்கள்.

மணலில் நடக்கும்போது வேகம் பாதியாகிவிடும். முதல் தடவை வருகிறவர்கள், ஓய்வெல்லாம் சேர்த்து, மணிக்கு இரண்டு கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுக்கொண்டால் இருட்டுவதற்குள் வந்துவிடலாம். ஊன்றுகோல் மணலிலும் ஓடை கடக்கும்போதும் உதவும். கையை ஊன்றி ஏற வேண்டிய பாறையில் அதை மடக்கிப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

கால் வைக்கக்கூடாத மண்

தடத்தின் இரு பக்கமும் சில இடங்களில் மண் கருத்து, சிறு சிறு முண்டுகளாக, கரடுமுரடாக இருக்கும். பார்த்தால் ஒன்றுமில்லாத மண் மாதிரி இருக்கும். அது உயிருள்ள படலம். சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள் மெல்லிய இழைகளால் மணலைக் கட்டிவைக்க, அதன்மேல் பாசியும், பூஞ்சையும் நுண்பாசியும் இணைந்து வாழும் லைக்கனும் வளர்ந்து உண்டானது. காற்றில் மண் பறக்காமல் பிடித்துவைப்பது, மழைநீரைத் தேக்கிவைப்பது, செடிகளுக்கு நைட்ரஜன் சேர்ப்பது எல்லாம் இதுதான். இந்தப் பாலைவனத்தில் ஒரு பூ பூக்கிறதென்றால் அதில் இந்தப் படலத்துக்குப் பங்குண்டு.

அதை ஒரு மிதியில் நொறுக்கிவிடலாம். திரும்பி வளர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். ஒரு புகைப்படத்துக்காக நான்கு அடி விலகிப் போனவரின் காலடியைப் பார்த்து அடுத்தவரும் போவார். ஒரு பருவத்துக்குள் அங்கே புதிய பாதையே உண்டாகிவிடும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். ஆகவே தடத்தில் நடங்கள். தடம் இல்லாத இடத்தில் வெறும் பாறையிலோ ஓடிக் காய்ந்த மணல் ஓடையிலோ மட்டும் நடங்கள். எதிரே ஆள் வந்தால் ஒதுங்குவதற்கும் பாறையைத் தேடுங்கள்.

பாறைக் குழிகளில் தேங்கிய மழைநீரிலும் கை கால் நனைக்க வேண்டாம். அதில் மிகச் சிறிய இறால் வகை உயிர்கள் வாழ்கின்றன. நம் தோலில் உள்ள சன்ஸ்கிரீன் பட்டாலே அந்தத் தண்ணீர் கெட்டுவிடும்.

வழி தவறாமல் இருக்க

பாறையில் பாதை பதியாது. அதனால் கற்களை அடுக்கிச் சிறு குவியல்களாக வைத்து வழி காட்டுகிறார்கள். ஒரு குவியலில் நின்று அடுத்தது கண்ணுக்குத் தெரிந்த பிறகே நகருங்கள். தெரியவில்லையென்றால் ஒருவர் அங்கேயே நிற்க, இன்னொருவர் பார்வைக்குள் இருந்தபடி தேடட்டும். நீங்களாகப் புதுக் குவியல் அடுக்காதீர்கள், பின்னால் வருகிறவரை அது தவறான இடத்துக்குக் கொண்டுபோகும்.

கிளைப் பள்ளத்தாக்குகள் பிரியும் இடத்திலெல்லாம் திரும்பி நின்று வந்த வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது அதே இடம் வேறு இடம்போல் தோன்றும். உயரமான சுவர்களுக்கு நடுவே செல்போன் சிக்னல் இருக்காது, ஜிபிஎஸ்ஸும் தடுமாறும்.

எங்கே போகிறீர்கள், எந்தத் தடம், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணிக்கு மேல் தகவல் இல்லையென்றால் உதவிக்கு அழைக்க வேண்டும் என்பதை ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். 2003 ஏப்ரலில் ஏரன் ரால்ஸ்டன் என்ற அனுபவமுள்ள மலையேறி, யூட்டாவின் புளூஜான் கேன்யனில் உருண்ட பாறைக்கும் சுவருக்கும் நடுவே கை சிக்கி ஐந்து நாள் கிடந்தார். கடைசியில் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார். எங்கே போகிறார் என்று அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நடையை முடித்ததும் சொல்லிவைத்தவருக்கு ஒரு செய்தி அனுப்பவும் மறக்காதீர்கள், இல்லையென்றால் வீணாகத் தேடல் தொடங்கிவிடும்.

வளைவின் அருகில்

ஒருவழியாக வந்து சேர்ந்தாயிற்று. உடனே கேமராவை எடுக்காமல் கொஞ்ச நேரம் ஒரு ஓரமாக உட்காருங்கள். வளைவுகள் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் வேறு வேறு உருவம் காட்டும்; வெளிச்சம் நகர நகர நிறமும் மாறும். டெலிகேட் ஆர்ச்சுக்கு மாலை வெயில் நேராக விழும். பக்கத்திலுள்ள கேன்யன்லேன்ட்ஸ் தேசியப் பூங்காவின் மேசா ஆர்ச்சில் சூரியன் உதிக்கும்போது வளைவின் அடிப்பக்கம் நெருப்பு நிறத்தில் ஒளிரும். லேன்ட்ஸ்கேப் ஆர்ச்சைக் காலையில் பார்ப்பது நல்லது.

வளைவின்மேல் ஏறக்கூடாது. பூங்காவில் அது சட்டப்படி தடை. அடியிலும் அதிக நேரம் தங்காதீர்கள். 1991இல் லேன்ட்ஸ்கேப் ஆர்ச்சிலிருந்து சுமார் 18 மீட்டர் நீளமுள்ள பாறைப்பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. அடியில் இளைப்பாறிக்கொண்டிருந்தவர்கள் பாறை வெடிக்கும் சத்தம் கேட்டு ஓடித் தப்பினார்கள். அதன் அடியில் போகும் பாதையை அப்புறம் மூடிவிட்டார்கள். அதே தடத்தில் இருந்த வால் ஆர்ச் 2008 ஆகஸ்டில் ஒரு இரவில் முழுவதுமாக இடிந்துபோனது.

பாறையில் பெயர் செதுக்குவது, கல்லால் கீறுவது குற்றம். மணற்பாறையில் போட்ட கீறல் நம் ஆயுளைத் தாண்டியும் இருக்கும். டெலிகேட் ஆர்ச் தடத்தின் தொடக்கத்துக்கு அருகே யூட் பழங்குடியினர் பாறையில் செதுக்கிய குதிரைகளும் ஆட்களும் உண்டு. பார்க்காமல் போகாதீர்கள், ஆனால் தொடாதீர்கள், விரலிலுள்ள எண்ணெய்ப் பசையே அவற்றுக்குக் கெடுதல். தேசியப் பூங்காக்களில் டிரோன் பறக்கவிட அனுமதி இல்லை. ஆர்ச்சஸின் தடங்களில் நாயைக் கூட்டிப்போகவும் கூடாது. பள்ளத்தாக்குக்குள் குரல் வெகுதூரம் எதிரொலிக்கும், பாட்டுப் போடும் ஸ்பீக்கரைக் காரிலேயே விட்டுவிடுங்கள்.

இதற்கு அப்புறம்

முதல் பயணம் பிடித்துப்போனால் அடுத்ததாக கொரோனா ஆர்ச்சுக்குப் போங்கள். மோவாபுக்குப் பக்கத்தில், பூங்காவுக்கு வெளியே இருக்கிறது. வழியில் ரயில் தண்டவாளத்தைக் கடந்து, இரும்புக் கம்பிவடத்தைப் பிடித்து ஏறி, ஒரு சிறிய ஏணியும் ஏற வேண்டும். உயரத்துக்கு எவ்வளவு பயம் என்று அங்கே தெரிந்துவிடும். அது சரியாகப் போனால், டெவில்ஸ் கார்டனில் முதல் தடவை விட்டுவந்த மிச்சப் பாதையைச் சுற்றி வரலாம், முழுச் சுற்றும் ஏறத்தாழ 12.7 கிலோமீட்டர்.

பாலங்களைப் பார்க்க ஆசையிருந்தால் தெற்கே நேச்சுரல் பிரிட்ஜஸ் தேசிய நினைவிடம் (அரசு பாதுகாக்கும் இயற்கைப் பகுதி) இருக்கிறது. 1908இல் அறிவிக்கப்பட்ட அதுதான் யூட்டாவின் முதல் தேசிய நினைவிடம். சிபாபு, கச்சினா, ஓவச்சோமோ என்று மூன்று பாலங்கள். ஓவச்சோமோவுக்குச் சிறிது தூரம்தான்; 67 மீட்டர் உயரமுள்ள சிபாபுவுக்குப் படிகளிலும் மர ஏணிகளிலும் இறங்க வேண்டும். மூன்றையும் பள்ளத்தாக்கின் அடி வழியாக இணைக்கும் சுற்றுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். முடிந்தால் இரவு அங்கேயே தங்குங்கள். செயற்கை வெளிச்சம் கெடுக்காத இரவு வானத்துக்காக, 2007இல் உலகிலேயே முதல் சர்வதேச இருள்வானப் பூங்காவாக அதைத்தான் அறிவித்தார்கள்.

தெற்கு யூட்டாவின் எஸ்கலான்ட்டே பகுதியிலுள்ள கயோட்டி கல்ச் என்ற பள்ளத்தாக்கு பலருக்கும் கனவு. ஜேக்கப் ஹேம்ப்ளின் ஆர்ச், கயோட்டி இயற்கைப் பாலம் இரண்டும் ஒரே ஓடை வழியில் வரும்; அந்த ஓடை எஸ்கலான்ட்டே ஆற்றில் சேரும் இடத்துக்கு அருகே ஸ்டீவன்ஸ் ஆர்ச் இருக்கிறது. ஆனால் அது இரவு தங்கிச் செய்யும் நடை. தங்குவதற்கு அனுமதிச்சீட்டு வேண்டும், மனிதக் கழிவையும் அதற்கான பையில் கட்டி வெளியே கொண்டுவர வேண்டும், அங்கே போகும் மண்சாலை மழையில் கார் போக முடியாதபடி ஆகிவிடும். முதலில் பகல் நடைகளில் பாறையும் ஓடையும் பழகட்டும். அப்புறம் அங்கே போய்வந்த ஒருவரோடு சேர்ந்து போங்கள்.